பிரின்சிபிள் வேம்பு

எங்கள் பாட்டில் கம்பெனியில் வேம்பு என்று ஒருவர்தான் இருந்தார். இரண்டு வேம்பு இருந்தால் அடையாளத்துக்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும். இவருக்கு அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் எல்லோரும் 'பிரின்சிபிள் வேம்பு' என்றுதான் சொன்னார்கள். மற்றவர்களுக்கு நொண்டி, மாறுகண் என்று உடம்பில் உள்ள குறையைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள். இவருக்கும் குறையைப் பார்த்துத்தான் வைத்தார்கள் என்பது என் கட்சி.

நான் அடைக்கலமேரி. அந்தக் கம்பெனியில் பாட்டில்களுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் இன்னாசியும் வேம்பு அண்ணனும் உலைக்கு முன்னால் நின்று, இரும்புக் குழாயில் ஊதிப் பாட்டில் செய்கிறவர்கள். காலடிப்பேட்டைக்குப் பின்னால் ஒரே வரிசையில் எங்கள் வீடுகள். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லும்போது அது நடுவில் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இங்கிலீஷ் வார்த்தை அவருக்கு எங்கள் கம்பெனி கேட்டில்தான் கிடைத்தது. யுத்தம் தொடங்கின வருஷம், மழைக்காலம். எண்ணூர் ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நாங்கள் வந்து சேர்வதற்குள் சங்கு ஊதிவிட்டது. கேட்டைத் திறக்க முடியாது என்றார் வெள்ளைக்காரத் துரை. கெஞ்சினோம். 'பிரின்சிபிள்' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் குடையோடு உள்ளே போய்விட்டார். நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினோம். வேம்பு அண்ணன் மட்டும் ஆபீஸ் கிளார்க் ஜேக்கப்பைப் பிடித்து நிறுத்தி அதற்கு அர்த்தம் கேட்டார்.

"கொள்கைன்னு சொல்லலாம். இதுதான் சரின்னு ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டு, நஷ்டம் வந்தாலும் விடாம நிக்கிறது" என்றார் ஜேக்கப்.

"நஷ்டம் வந்தாக்கூடவா?"

"வந்தாத்தான்யா அது பிரின்சிபிள். லாபம் வந்தா அதுக்குப் பேரு வேற."

ஜேக்கப் ஏதோ விளையாட்டாகச் சொன்னார். கேட்டவருக்கு அது வேதவாக்காகிவிட்டது.

அந்த வார்த்தை எங்கள் பக்கம் ரொம்பப் புழங்கியது என்பதையும் சொல்லவேண்டும். துரை சொன்னால் 'முடியாது' என்று அர்த்தம். யூனியன்காரர்கள் மேடையில் சொன்னால் 'எங்கள் பின்னால் வா' என்று அர்த்தம். ஜேக்கப் சொன்னால் 'என்னை இதில் இழுக்காதே'. வேம்பு அண்ணன் ஒருவர்தான் அந்த வார்த்தையை அதற்கு உள்ள அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பம்.

டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறமாட்டார். ராயபுரம் வரைக்கும் நடந்தே போவார். உடைந்த பாட்டில்கூட வீட்டுக்கு எடுத்து வரமாட்டார். நாங்கள் எல்லோரும் விளிம்பு உடைந்த பாட்டிலில்தான் மண்ணெண்ணெய் வாங்கினோம். குழாயடியில் அவருடைய குடத்தை முன்னால் தள்ளி வைத்தால், அதைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போவார். அவர் மனைவி கெங்கம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "இதுக்குப் பேரு பிடிவாதம்யா. தொரை சொன்னா மட்டும் வேற ஆயிடுமா?" என்பாள். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானபோது தாய்வீட்டுக்குப் போனவள், அங்கே காலராவில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. அதன் பிறகு வேம்பு அண்ணனுக்கு என்று இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஆள்தான். அமீருதீன்.

அமீருதீன் எங்கள் உலைக்குத் தீ போடுகிறவர். கண்ணாடி உலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதை ஏற்றினால் ஏற்றியதுதான். ராத்திரி பகல், தீபாவளி, கிறிஸ்மஸ் எதற்கும் அணைக்கக்கூடாது. உள்ளே கண்ணாடி பாகு மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். தீ அணைந்தால் அது உறைந்து பாறையாகிவிடும். உலையே வெடித்துவிடும். அப்புறம் எல்லாவற்றையும் இடித்து, புதிதாகச் செங்கல் வைத்துக் கட்டவேண்டும். மாசக்கணக்கில் யாருக்கும் வேலை இருக்காது. அதனால் ஊதுகிறவர்களுக்குத் தீக்காரர்தான் கடவுள் மாதிரி. வேம்பு அண்ணனுக்கோ அவர் அதற்கும் மேலே. மத்தியானம் இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு பேரும் பீடி குடிப்பார்கள். கெங்கம்மா போனபிறகு நோன்பு மாசம் முழுக்க அமீருதீன் வீட்டிலிருந்து கஞ்சி வரும். அவர் மனைவி பதுருன்னிசாவே கொண்டுவந்து வைப்பாள்.

சுதந்திரம் வந்த வருஷம் எங்கள் கம்பெனியில் வேலைநிறுத்தம் நடந்தது. காரணம் என் வீட்டுக்காரர். பாகு சிந்தி இன்னாசியின் வலது கை வெந்துபோய்விட்டது. கை ஆறுவதற்குள் கம்பெனி அவரை வேண்டாம் என்றது. யூனியன் கூடியது. யாரும் உள்ளே போகக்கூடாது, தீக்காரர் உள்பட. உலை அணைந்தால்தான் முதலாளிக்கு உறைக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் கையைத் தூக்கினவர் வேம்பு அண்ணன்.

அமீருதீன் மட்டும் எழுந்து நின்றார். "உலை அணைஞ்சா மொதலாளி கம்பெனிய வித்துட்டுப் போயிடுவான். அப்பால இன்னாசிக்கு மட்டுமா, எவனுக்கும் வேல கெடையாது. நெருப்ப மட்டும் நான் பாத்துக்கறேன். கூலி வாங்கமாட்டேன்" என்றார். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், யாரும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேம்பு அண்ணனுக்குக் கேட்டில் காவல். அமீருதீன் தோளில் துண்டோடு நேராக வந்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"இன்னா மாமு, வழி வுடு."

"போவாத அமீரு."

"பின்னால சுவரு ஏறிப் போயிருக்கலாம். ஒன்னிய பாத்துச் சொல்லிட்டுப் போவணும்னுதான் இப்டி வந்தேன். உள்ள கொதிச்சிகினு கீது. வுட்டா ஒறஞ்சிடும்."

"அல்லாரும் சேந்து போட்ட தீர்மானம். நான் கை தூக்கிக்கீறேன். நீ உள்ள போனா அப்பால நீ யாரோ நான் யாரோ. பிரின்சிபிள்."

அமீருதீன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பிறகு அவருக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வேம்பு அண்ணன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டு, சாயங்காலம் சேர்ந்திருப்பார்கள்.

வேலைநிறுத்தம் முடியும்வரை அமீருதீன் உலையடியிலேயே கிடந்தார். எங்கள் பக்கம் வேலைநிறுத்தத்தில் உள்ளே போனவனுக்குக் கருங்காலி என்று பெயர். அவன் வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கமாட்டார்கள், அவனோடு பேசமாட்டார்கள். அமீருதீன் வீட்டுச் சுவரில் கரியால் அந்த வார்த்தையை எழுதினார்கள். பதுருன்னிசா எதுவும் சொல்லாமல் சுண்ணாம்பு அடித்து அழித்தாள், மறுபடி எழுதினார்கள்.

கடைசியில் பாதி வெற்றி, பாதி தோல்வி. இன்னாசிக்குக் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். எல்லோரும் உள்ளே போன அன்று உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கே குழாயை எடுத்து ஊத ஆரம்பித்தார்கள். அன்று சாயங்காலம் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக அமீருதீனுக்கு சலாம் வைத்தார்கள். ரம்ஜான் அன்று என் வீட்டுக்காரரே போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். யாருக்காக வேலைநிறுத்தம் நடந்ததோ அவரே சமாதானமாகிவிட்டார். யூனியன் தலைவரும் 'விடுப்பா, போனது போகட்டும்' என்றார்.

வேம்பு அண்ணன் மட்டும் விடவில்லை. "நான் கை தூக்குனது பொய்யா? அல்லாரும் மறந்துட்டா தீர்மானம் இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரியை நான் நேரில் பார்த்தது அப்போதுதான்.

இதில் வேடிக்கை, இருவரும் ஒரே உலையடியில் வேலை செய்யவேண்டும். சூடு குறைந்தால் ஊதுகிறவர் தீக்காரரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். வேம்பு அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "உலை ஆறிகினு கீது" என்பார். அமீருதீன் திரும்பிப் பார்க்காமல் இரண்டு மண்வெட்டி கரியை வீசுவார். "போதும்" என்பார் இவர், கூரையைப் பார்த்து. பசங்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எட்டு வருஷம் இரண்டு மனிதர்கள் காற்றோடு பேசிக்கொண்டு ஒருவருக்கொருவர் சோறு போட்டுக்கொண்டார்கள்.

நோன்புக் கஞ்சி ஒவ்வொரு வருஷமும் வந்தது. வேம்பு அண்ணன் வாசலிலேயே நின்று, "வேணாந்தங்கச்சி" என்று திருப்பி அனுப்பினார். நாலாவது வருஷத்தோடு பதுருன்னிசா நிறுத்திக்கொண்டாள். அதற்கடுத்த நோன்பு மாசத்தில், பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வேம்பு அண்ணன் தன் வீட்டு வாசலிலேயே நிற்பதை நான் பார்த்தேன். கஞ்சியைத் திருப்பி அனுப்பவும் ஆள் இல்லாத வாசல். ஒரு மனிதன் வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட எதிரே இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

அமீருதீன் மகள் மலிகாவின் கல்யாணத்துக்கு அவரே வந்து அழைத்தார். இவர் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. கல்யாணத்தன்று எல்லோரும் பந்தலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் மூடியிருந்த விறகுக்கடைத் திட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டையைத் துவைத்து மடிப்பு எடுத்துப் போட்டிருந்தார். பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அமீருதீன் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அமீருதீன் படுத்துவிட்டார். கரித்தூள் நெஞ்சில் தங்கிவிட்டது என்றார்கள். தினமும் வேலை விட்டதும் வேம்பு அண்ணன் அமீருதீன் வீட்டுச் சந்துவரைக்கும் போவார். குழாயடியில் நிற்பார். திரும்பிவிடுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் அண்ணே, நாலு அடி எடுத்துவச்சா கால் தேஞ்சிடுமா? போய்ப் பாத்துட்டு வாயேன்."

"படுத்துகினு கீறப்போ போனா, அவன் வுழுவட்டும்னு காத்துகினு இருந்தா மாரி ஆயிடும் மேரி. எழுந்து நடக்கட்டும். அப்போ போறேன்."

"இதுவும் பிரின்சிபிளா?"

"ஆமா" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது வெட்கம். எட்டு வருஷத்து வெட்கத்துக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சட்டையாக மாட்டிவிட்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன்.

அமீருதீன் எழுந்து நடக்கவில்லை.

பள்ளிவாசலில் நடந்ததை இன்னாசி வந்து சொன்னார். கம்பெனி ஆட்கள் எல்லோரும் போயிருந்தார்கள். தொழுகைக்கு முன்னால், மௌத்தானவரின் மச்சான் சௌக்கத் அலி எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாராம். அது அவர்கள் வழக்கம். "இவரு யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மாப் பண்ணிடுங்க." எல்லோரும் "மாப் பண்ணிட்டோம்" என்றார்களாம். வெளிச்சுவர் ஓரத்தில் நின்றிருந்த எங்கள் கம்பெனி ஆட்களும் சொன்னார்களாம். வேம்பு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. சௌக்கத் அலி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். உடலைக் கிடத்தியிருந்த சந்தூக்குப் பெட்டியைச் சுற்றி நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்களாம்.

அப்போது வேம்பு அண்ணன் சொன்னாராம்: "அவன் எனுக்கு ஒண்ணும் பண்ணல. எத்த மாப் பண்றது? நான் பண்ணதுக்கு யாரக் கேக்கறது?"

தொழுகைக்கு வரிசை கட்டினார்கள். இவர் வெளியே தனியாக நின்றாராம். இன்னாசி பக்கத்தில் போய் நின்றதற்கு, "நீ போ" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் வேம்பு அண்ணன் என்னிடம் வந்து, பதுருன்னிசாவைப் பார்க்கவேண்டும் என்றார். இப்போது முடியாது என்றேன். புருஷன் போன பெண் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பாள். அன்னிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள். "அண்ணன் மாதிரிதானே" என்று நான் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "அவங்க மொறய ஒடைக்கக் கூடாது" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்த நாலு மாசமும் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. உலைக்குப் புதுத் தீக்காரன் வந்துவிட்டான். அவனிடம் முகத்தைப் பார்த்தே "சூடு பத்தல" என்று சொல்லலாம். தடை ஒன்றும் இல்லை. ஆனாலும் பழக்கத்தில் சுவரைப் பார்த்துச் சொல்வாராம். அவன் புரியாமல் நிற்பானாம்.

இத்தா முடிந்த மறுநாள் நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பதுருன்னிசா ரொம்ப இளைத்திருந்தாள். பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, நான் பண்ணது தப்பு. அவனாண்ட கேக்காம வுட்டுட்டேன். அவன் எடத்துலருந்து நீ சொல்லு. மாப்புன்னு ஒரு வார்த்த."

பதுருன்னிசா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். சுவரில் எழுதினதைத் திரும்பத் திரும்பச் சுண்ணாம்பு அடித்து அழித்தவள். யாரிடமும் கோபத்தைக் காட்டாதவள்.

"அண்ணே, எனுக்கு உங்க மேல வருத்தமில்ல. நீங்க எனுக்கு எதுனா பண்ணியிருந்தா இப்பவே மாப் பண்ணிடுவேன். ஆனா நீங்க பேசாம இருந்தது அவரோட. அது அவரோட ஹக்கு, அவரோட உரிம. அத்த அவருதான் குடுக்கணும், நான் எடுத்துக் குடுக்க முடியாது. அவரு மன்னிச்சாரான்னு எனுக்குத் தெரியாது. தெரியாதத நான் சொன்னா, நாளைக்கு அவராண்ட போய் நான் பதில் சொல்லணுமில்ல?"

ஒரு பொய் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு வாய் வரை வந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு பேருக்கும் அல்லாவாண்ட துஆ கேக்கறேன். என்னால முடிஞ்சது அவ்ளோதான்" என்றாள்.

யாருக்குப் புரியாவிட்டாலும் வேம்பு அண்ணனுக்குப் புரிந்தது. "நாயந்தாம்மா" என்றார். கைகூப்பிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சந்தில் இருவரும் நடந்தோம். தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் வேலை விட்டுக் கும்பலாக எதிரே வந்தார்கள். ஒதுங்கி வழி விட்டோம். அவர்கள் போனபிறகும் அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மேரி, நீ அவங்க வூட்டுக்கு அடிக்கடி போவ இல்ல?"

"போவேன் அண்ணே."

"என்னப் பத்தி அமீரு என்னிக்காச்சும் பேசுவானா?"

எட்டு வருஷத்தில் அமீருதீன் அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இவர் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அதுதான் உண்மை. ஆனால் எனக்குப் பிரின்சிபிள் எல்லாம் கிடையாது.

"ஏன் பேசமாட்டாரு? எப்பப் பாத்தாலும் ஒன் பேச்சுதான். வேம்பு சாப்டானா, வேம்பு எப்டி கீறான்னு கேட்டுகினே இருப்பாரு" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது. பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளாத மனிதர். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அப்டியா" என்றார். "அப்பறம் இன்னா சொல்வான்?" என்று கேட்டுவிட்டு, நான் இன்னும் சொல்வதற்காக அங்கேயே நின்றார்.